மாதம் ஆயிரம் ரூபாய்: எங்கே கசிகிறது, யார் அடைப்பது

எல்லாருக்கும் அரசே நிபந்தனை இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுக்கும் 'அடிப்படை வருமானம்' என்று பேச்செடுத்தால் போதும், ஐந்து நிமிடத்தில் அது முதலாளித்துவமா சோஷலிசமா என்ற பட்டிமன்றமாகிவிடும். "சும்மா கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்?" என்று ஓர் அணி. "கம்பெனிகளுக்குக் கடன் தள்ளுபடி செய்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா?" என்று எதிரணி. கைதட்டல் இரண்டு பக்கமும் கிடைக்கும். திட்டம் எப்படி ஓடும், எங்கே மக்கர் செய்யும் என்பதை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

முதலில் ஒன்று. இந்த யோசனைக்கு எந்தக் கொடியும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது. 1962இல் 'எதிர்மறை வருமான வரி' (வருமானம் குறைந்தவரிடம் வரி வாங்காமல் அரசே பணம் கொடுப்பது) என்ற பெயரில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். தடையற்ற சந்தைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். 1969இல் அமெரிக்க அதிபர் நிக்சன் ஏறக்குறைய அதே பாணியில் கொண்டுவந்த குடும்ப உதவித் திட்டம் பிரதிநிதிகள் சபையில் தேறி, செனட்டில் படுத்துவிட்டது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருமானத்தின் ஒரு பங்கை நிரந்தர நிதியமாகச் சேர்க்க 1976இல் மாநில அரசமைப்பைத் திருத்தினார்கள். 1982இல் முதல் பங்குத்தொகை ஆளுக்கு 1,000 டாலர், குழந்தைக்கும் சேர்த்து. முன்னின்று அதைச் செய்த ஆளுநர் ஜே ஹாமண்ட் குடியரசுக் கட்சிக்காரர்.

ஃப்ரீட்மன் வகையறாவின் வாதத்தில் இரண்டு பாதி உண்டு. பணத்தைக் கையில் கொடு என்பது முதல் பாதி. கொடுத்துவிட்டாய் அல்லவா, இனி குறைந்தபட்சக் கூலி, அரசு வீட்டுவசதி, மானியப் பொருள் இவற்றையெல்லாம் கழற்றிப் போடு என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதில்தான் கணக்கு இடிக்கிறது. கருவூலத்தைவிட்டு ஆயிரம் ரூபாய் புறப்பட்ட நிமிடமே அதன் வாசனை பலருக்குப் போய்விடுகிறது: வங்கிக்கு, கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு, வீட்டுக்காரருக்கு, கூலி கொடுக்கும் முதலாளிக்கு. ஒவ்வொருவரையும் கண்காணிக்க ஒரு சட்டமோ ஓர் ஆணையமோ இருக்கிறது. அது தூங்கினால் அந்தப் பணம் வாங்கியவர் கையில் ஓர் இரவு தங்கிவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்ச் சேரும். பணமாகக் கொடுக்கும் அரசுக்குக் கட்டுப்பாட்டு வேலை கூடும், குறையாது.

ஆயிரம் ரூபாய் என்று சொல்வது கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை மனதில் வைத்துத்தான். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. இலக்கணப்படி பார்த்தால் இது அடிப்படை வருமானம் ஆகாது. அடிப்படை வருமானம் என்றால் பணமாக, தனிநபருக்கு, எல்லாருக்கும், நிபந்தனை இல்லாமல், தவறாத இடைவெளியில் வர வேண்டும். இதில் 'எல்லாருக்கும்' விடுபட்டுப்போகிறது. குடும்பத்துக்கு ஒரு பெண் என்பதால் 'தனிநபர்' பாதிதான் ஒட்டுகிறது. ஆனாலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல், மாதாமாதம் போகும் தொகை. ஃபின்லாந்து 2017, 2018இல் 2,000 பேரை வைத்துச் சோதனை செய்தது. நம்மிடம் ஒரு கோடிப் பேரின் அனுபவம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஹெல்சிங்கியை மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது வேடிக்கை.

வடிகட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். தொடக்கத்தில் வைத்த நிபந்தனைகள் இவை: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார், ஜீப், டிராக்டர் வைத்திருந்தால் கிடையாது. வருமான வரி கட்டினால், வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் கிடையாது. சுமார் 1.63 கோடி விண்ணப்பம் வந்து 1.06 கோடி தேறியது. மூன்றில் ஒன்றுக்கு மேல் தள்ளுபடி. தள்ளுபடியானவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள்.

இதில் 3,600 யூனிட்டை மட்டும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 600 யூனிட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மின்விசிறி, டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ் உள்ள வீடு அதைத் தொடாது, இரவெல்லாம் ஏசி ஓடினால்தான் தொடும். ஆனால் வரிசை வீடுகளில் ஒரே இணைப்புக்குப் பின்னால் மூன்று, நான்கு குடித்தனம் இருக்கும். வீட்டுக்காரர் ஆளுக்கொரு சப்-மீட்டர் வைத்திருப்பார். மின்வாரியத்தின் கண்ணுக்கு அது ஒரே வீடு. ஒவ்வொரு குடித்தனமும் 170 யூனிட்தான் எரித்தாலும் நான்கும் சேர்ந்து 680. விண்ணப்பத்தில் அந்த இணைப்பு எண்ணை எழுதுகிற நான்கு பெண்களுமே, காகிதத்தில், வசதியான வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஏழ்மை கூடக் கூட ஒரே மீட்டருக்குப் பின்னால் நெருக்கமும் கூடும் என்பதால் இந்த அளவுகோல் சில இடங்களில் தலைகீழாகவே வேலை செய்யும்.

அடுத்தது விளிம்பு. 3,590 யூனிட் எரித்த வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 3,610 எரித்த வீட்டுக்குப் பூஜ்யம். இருபது யூனிட்டின் விலை 12,000 ரூபாய். வருமான வரம்பிலும் அதே கதை: மாதம் இருநூறு ரூபாய் சம்பள உயர்வு கொடுத்தால் குடும்பத்துக்கு நிகர நஷ்டம் வரக்கூடிய ஓர் இடம் எல்லா வரம்புகளிலும் இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர் வருமானத்தை மறைப்பது பித்தலாட்டம் என்பதைவிட, திட்டமே சொல்லிக்கொடுத்த பாடம் என்பதே சரி.

இலங்கை 2023இல் சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்தை ஒதுக்கிவிட்டு அஸ்வெசும என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்தபோது 22 குறிகாட்டிகளை வைத்து நான்கு படிகள் பிரித்தது: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். குறிகாட்டி கூடினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை. முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. தணிக்கைக்கு வருபவர் "தகுதியில்லாதவருக்கு ஏன் கொடுத்தாய்?" என்றுதான் கேட்பார். "தகுதியுள்ளவருக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று எந்தத் தணிக்கைக் குறிப்பும் வருவதில்லை. இரண்டில் எந்தத் தவறை அதிகாரி தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவா வேண்டும்.

ஃப்ரீட்மன் இந்த விளிம்பைச் சரிவாக்கப் பார்த்தவர். உதாரணத்துக்கு உத்தரவாதம் மாதம் 3,000 ரூபாய், சம்பாத்தியத்தில் பாதி கழிக்கப்படும் என்று வையுங்கள். ஒன்றும் சம்பாதிக்காதவருக்கு 3,000. இரண்டாயிரம் சம்பாதித்தால் உதவி 2,000, கையில் 4,000. நாலாயிரம் சம்பாதித்தால் உதவி 1,000, கையில் 5,000. ஆறாயிரத்தில் உதவி நின்றுவிடும். எந்த இடத்திலும் கூடுதலாக உழைத்தவருக்கு நஷ்டம் கிடையாது. அழகான ஏற்பாடு, ஆனால் ஒரே ஒரு பாகம் இல்லாமல் ஓடாது: ஒவ்வொருவரும் இந்த மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சித்தாள், நடவுக்குப் போகிறவர், பூக்கட்டுகிறவர், வாரம் மூன்று நாள் ஆட்டோ ஓட்டுகிறவர் இவர்களின் மாத வருமானம் அவர்களுக்கே மாதக் கடைசியில்தான் தெரியும். சம்பளச் சீட்டு உள்ள நாட்டுக்கான திட்டம் அது.

அப்படியானால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? கணக்கைப் போடுவோம். நாட்டில் 140 கோடிப் பேர், மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 16.8 லட்சம் கோடி. 2024-25க்கான மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 48 லட்சம் கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் அரவிந்த் சுப்பிரமணியன் இதே கணக்கைப் போட்டார். ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மேல்தட்டில் 25 சதவீதத்தை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு, செலவு ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 4.9 சதவீதம் என்று வந்தது. அந்த ஆண்டில் மத்திய அரசிடம் இருந்த சுமார் 950 திட்டங்களின் மொத்தச் செலவும் ஜிடிபியில் ஐந்து சதவீத அளவுதான் என்று அதே அறிக்கை சொன்னது. எல்லாவற்றையும் மூடினால் இதைத் திறக்கலாம். மூட வேண்டிய பட்டியலில் ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வரும்.

இங்கே வெளிநாட்டு ஆதரவாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: மொத்தச் செலவைப் பார்க்காதே, நிகரச் செலவைப் பார், பணக்காரருக்குக் கொடுத்ததை வரியாகத் திருப்பி வாங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் வருமான வரி வலைக்குள் இருக்கும் நாட்டில் இது சரி. இந்தியாவில் 2024 ஜூலை கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் 7.28 கோடிப் பேர், அதிலும் பெரும்பகுதி வரி ஏதும் கட்டாதவர்கள். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே கிடையாது. திருப்பி வாங்க வலையே இல்லாத இடத்தில் மொத்தச் செலவும் நிகரச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்குமதி வாதங்களில் அடிக்கடி விடுபடும் கண்ணி இது.

மாநில அரசின் நிலைமை இன்னும் இறுக்கம். தமிழ்நாட்டில் ஆறு கோடிப் பெரியவர்கள் என்று தோராயமாக வைத்தால் 72,000 கோடி. 2024-25 பட்ஜெட் மதிப்பீட்டில் மாநிலத்தின் மொத்த வருவாய் வரவு சுமார் 2.99 லட்சம் கோடி. கிட்டத்தட்ட கால் பங்கு. (மகளிர் உரிமைத் தொகைக்கு அந்த ஆண்டு ஒதுக்கியது 13,720 கோடி.) சரி, பணக்காரரிடம் வரி போட்டு எடுக்கலாமே என்றால் வருமான வரி மத்திய அரசின் கையில். தொழில் வரி போடலாம், ஆனால் அரசமைப்பின் 276ஆவது பிரிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. 2017 ஜூலைக்குப் பிறகு பொருள்களுக்கான வரி ஜிஎஸ்டி கவுன்சிலில். மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி, மது. 2024-25இல் டாஸ்மாக் வழியாக வந்த வரி வருவாய் 48,000 கோடியைத் தாண்டியது. மனைவியின் கணக்கில் பதினைந்தாம் தேதி போடும் ஆயிரத்தைக் கணவனிடம் மாதம் முழுக்கக் குவார்ட்டர் குவார்ட்டராக வசூலிக்கும் ஏற்பாடு என்று ஒருவர் கேலி செய்தால் மறுக்கக் கஷ்டம். வீட்டுக்குள் யார் கையில் பணம் இருக்கிறது என்பது மாறுகிறதே, அது சின்ன விஷயமில்லை என்று வேண்டுமானால் பதில் சொல்லலாம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இது பணக்காரரிடமிருந்து ஏழைக்குப் போகும் மறுபங்கீடு என்று மேடையில் பேசக் கூடாது.

இனி பணம் பயணிக்கும் குழாய். மத்திய, மாநில அரசுகளின் நேரடிப் பணப்பரிமாற்றத்தில் பெரும்பகுதி ஆதார் எண்ணை வைத்தே போகிறது. துறை அனுப்பும் கோப்பில் வங்கிக் கணக்கு எண் இருக்காது. ஆதார் எண்ணும் தொகையும் இருக்கும். தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் அந்த ஆதாருக்கு எதிரே எந்த வங்கி கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே பணம் விழும். 'கடைசியாக' என்ற சொல்லில்தான் வம்பு. ஒரு பெண்ணிடம் மூன்று கணக்கு இருக்கலாம்: சுய உதவிக் குழுவுக்காக ஒன்று, நூறு நாள் வேலைக்காக ஒன்று, யாரோ முகாம் போட்டுத் திறந்துகொடுத்த ஜீரோ பேலன்ஸ் ஒன்று. கடைசிக் கணக்கைத் திறக்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். அன்றிலிருந்து பணம் அங்கே திரும்பிவிடும். அவர் பழைய பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு நிறுத்திட்டாங்க" என்பார்.

சரிபார்ப்பது சுலபம். ஆதாருடன் இணைந்த கைபேசியிலிருந்து *99*99*1# என்று அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி, எந்தத் தேதியில் இணைந்தது என்று வரும். 'மை ஆதார்' தளத்திலும் பார்க்கலாம். மாற்ற வேண்டும் என்றால் பணம் வர வேண்டிய வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஆதாரைக் கணக்கில் 'சேர்ப்பது' வேறு, பணப்பரிமாற்றத்துக்கு 'இணைப்பது' வேறு. கவுண்டரில் இருப்பவரே பல நேரம் முதலாவதைச் செய்துவிட்டு முடிந்தது என்பார். உரிமைத் தொகைக்கு முன்பு எல்லாக் கணக்குகளுக்கும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தது நல்ல நடைமுறை. எந்தத் திட்டமும் அதைச் செய்யாமல் தொடங்கக் கூடாது.

2017இல் என்ன நடந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்கும் சாக்கில், வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமலேயே, தன் பேமெண்ட்ஸ் வங்கியில் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தது. பதிவேட்டில் கடைசி வங்கி அதுவாகிவிட்டதால் பலரின் சமையல் எரிவாயு மானியம் தெரியாமலேயே அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் ஆதார் சரிபார்க்கும் உரிமத்தை நிறுத்திவைத்த பிறகுதான் நின்றது. ரிசர்வ் வங்கி அடுத்த ஆண்டு 5 கோடி அபராதம் போட்டது. "பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும் என்று நினைக்கிறேன்.

வங்கியில் விழுந்த பிறகும் கண்டம் தீரவில்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்காத கணக்கில் அபராதம் மாதாமாதம் ஏறும். இருப்பை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால் பூஜ்யத்தில் நிற்கும், பாக்கி மட்டும் காத்துக்கொண்டிருக்கும். ஆயிரம் வந்து விழுந்ததும் இயந்திரம் அதை எடுத்துக்கொள்ளும். உரிமைத் தொகையின் முதல் மாதமே பல இடங்களில் இதுதான் நடந்தது. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. 2025இல் பல பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. மற்ற வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர் அதைக் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. மாற்றித் தர மறுக்க வங்கிக்கு உரிமை இல்லை. ஆனால் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று தானாகச் சொல்லவும் மாட்டார்கள்.

அடுத்த கசிவு நுண்கடன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய கவலை. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே விதியில் வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். மாதம் 14,000 வருமானம் உள்ள குடும்பம் 7,000 வரை தவணை கட்டலாம். ஆயிரம் ரூபாய் உதவி வருகிறது, அதையும் வருமானமாக எழுதிக்கொண்டால் வரம்பு 7,500 ஆகிறது. கூடுதல் 500 ரூபாய்த் தவணைக்கு, 24 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக்கு, சுமார் 9,400 ரூபாய் புதுக் கடன் கொடுக்கலாம். கடன் அதிகாரிக்கு மாத இலக்கு இருக்கிறது. அந்த 9,400ஐ அவர் விடமாட்டார். கல்யாணச் சீசனில் வாங்கிவிடுவார்கள். அதன்பின் 24 மாதத்துக்கு உதவித் தொகையில் பாதி தவணைக்குப் போகும். அரசு கொடுக்கும் தொகையை இந்த 50 சதவீதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பத்துப் பைசா செலவில்லாத கட்டுப்பாடு.

கட்டுப்பாடு என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் அர்த்தமில்லை. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்கள்மீது அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தற்கொலைகள் நடந்திருந்தன, வசூல் முறைகள் கொடூரமாக இருந்தன, காரணம் உண்மையானது. ஆனால் சட்டம் போட்ட போடில் திருப்பிச் செலுத்துவதே மாநிலம் முழுக்க நின்றுபோய், முறைப்படி நடந்த கடனும் வறண்டது. கந்துவட்டிக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கடனைத் தடுப்பதைவிட, தவணையின் அளவையும் வசூலிக்கும் முறையையும் பிடிப்பதே பலன் தரும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேலே சொன்ன வரிசை வீட்டில் அந்த இலவசம் யாருக்குப் போகிறது? சப்-மீட்டருக்கு யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கும் வீட்டுக்காரருக்கு. மானியம் பத்திரத்தில் பெயர் உள்ளவரிடம் போய் நின்றுவிடுகிறது. வாடகையும் அப்படித்தான் நகரும்: வீடு கட்ட இடமில்லாத ஊரில் எல்லாருக்கும் ஆயிரம் கூடினால் வாடகையில் இருநூறு, முந்நூறு ஏறுவதைத் தடுக்க ஒன்றுமில்லை. பால், காய்கறி, துணி இவற்றில் அந்தப் பயம் குறைவு. தேவை கூடினால் சரக்கு வரும். கென்யாவில் சியாயா மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்து ஆராய்ந்தபோது விலையேற்றம் மிகச் சொற்பமாகவே இருந்தது. கிராமத்தில் நிலம் இருந்தது, வேலையில்லாத கைகள் இருந்தன, உற்பத்தி கூடியது. சென்னையில் ஒற்றை அறை வாடகைக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்க்க முடியாது.

அரிசிக்கு நம்மிடம் ஒரு நங்கூரம் இருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லாருக்குமாகவே வைத்துக்கொண்டது. இருபது கிலோ வீட்டுக்கு வந்துவிடும் ஊரில் மளிகைக்காரர் சாதா அரிசி விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பக்கத்தில் புதுச்சேரி இதற்கு எதிர்த்திசையில் போனது. 2015 செப்டம்பரில் சண்டிகருடன் சேர்ந்து, தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் என்ற முறைக்கு மாறியது. ரேஷன் கடைகள் படிப்படியாக மூடப்பட்டன. அரிசியா பணமா என்று ஆட்சியில் இருந்தவர்களுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் பல ஆண்டுகள் இழுபறி. வெளிச்சந்தை விலை ஏறினால் கணக்கில் விழும் தொகை ஏறாது என்பதைப் பெண்கள் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார்கள். 2024இல் கடைகளை மறுபடி திறந்தார்கள். ஃப்ரீட்மனின் இரண்டாம் பாதியை நம் பக்கத்து வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

"எவன் வேலைக்குப் போவான்" என்ற கேள்விக்கு வருவோம். ஃபின்லாந்தில் மாதம் 560 யூரோ வாங்கியவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட ஆண்டுக்கு ஆறு நாள் கூடுதலாக வேலை செய்தார்கள். பெரிதாகக் கொண்டாட ஒன்றுமில்லை, பயப்படவும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் மூன்றாண்டு மாதம் 1,000 டாலர் கொடுத்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. வாங்கியவர்கள் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள். ஆதரவாளர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலை குறையவே குறையாது என்பது பொய். மத்தியப் பிரதேசத்தில் 2011 முதல் பெண் தொழிலாளர்களின் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு 200, குழந்தைகளுக்கு 100 ரூபாய் கொடுத்தது, பிறகு 300, 150 ஆக்கியது. அங்கே குடி கூடவில்லை. ஆடு, கோழி கூடியது. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவது குறைந்து சொந்த வயலில் வேலை கூடியது.

இந்தக் கடைசி வரிதான் நில உரிமையாளருக்கு உறுத்தும். "ஆள் வரமாட்டேங்குது" என்று அவர் சொல்வதன் பொருள் பெரும்பாலும் "பழைய கூலிக்கு ஆள் வரமாட்டேங்குது" என்பதே. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு அவ்வளவு பலம் இல்லை. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி 336 ரூபாய். மூன்று நாள் கூலி. அதை வைத்து யாரும் வீட்டில் உட்கார முடியாது. நான்காவது நாள் அநியாயக் கூலியை மறுக்கலாம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. 1795இல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லேண்டில் ரொட்டி விலைக்கு ஏற்ப, கூலி குறைந்தவருக்கு மட்டும் மிச்சத்தைத் திருச்சபை வட்டத்தின் நிதியிலிருந்து கொடுத்தார்கள். பண்ணையார்கள் கூலியைக் குறைத்துவிட்டு மீதியை வட்டத்தின் தலையில் கட்டினார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. எந்த அளவுக்கு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் தர்க்கம் நிற்கிறது: சம்பளம் குறைந்தால் உதவி கூடும் என்று வைத்தால் முதலாளி சம்பளத்தைக் குறைப்பார். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் அந்த வித்தை பலிக்காது, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பக்கத்தில் உயிரோடு இருக்கிற வரை.

இத்தனை கசிவையும் அடைத்தாலும் காலம் என்று ஒன்று இருக்கிறது. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியங்களை வெட்டிவிட்டு ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அது சுமார் 45 டாலர். ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. சட்டத்தில் விலைவாசிக்கு ஏற்ப உயரும் என்ற வரி இல்லை. பணவீக்கம் வருடத்துக்கு வருடம் அரித்தது. தொகை பல ஆண்டுகள் அதே 4,55,000இலேயே நின்றது. யாரும் திட்டத்தை ரத்து செய்யவில்லை, செய்யவேண்டிய அவசியமே வரவில்லை. நம் ஊரிலும் பார்க்கலாம். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இலும் அதே 200. தமிழ்நாட்டில் முதியோருக்கு மாதம் 1,200 வருகிறது என்றால் மேலே போட்டுக்கொடுப்பது மாநிலம்.

இதற்கான ஏற்பாடு அரசிடம் தயாராகவே இருக்கிறது. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சூத்திரம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, அதைத் தயாரிக்கும் பிரிவு நிதித்துறையில் இருக்கிறது. உதவித் தொகையைச் சட்டமாக்கும்போது மூன்று விஷயங்களை எழுதிவிட வேண்டும்: எந்தக் குறியீடு, எந்த மாதத்தின் எண், எத்தனை ரூபாய்க்கு முழுதாக்குவது. கிராமப்புற விவசாயத் தொழிலாளர் குறியீட்டை எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்த பத்து ரூபாய்க்கு முழுதாக்கினால் போதும். அகவிலைப்படிக்கான அரசாணை வெளிவரும் அன்றே, அதே கையெழுத்தில், இதற்கான ஆணையும் வரட்டும். செலவு பற்றி அப்போது எழும் முனகலை இரண்டு ஆணைகளுக்கும் சேர்த்தே முனகட்டும்.